சோப்புக் குமிழில் தொடங்கிய சக்கர வேலை

இடது பின் டயரில் வாரத்துக்கு ஒருமுறை காற்று அடிக்க வேண்டியிருந்தது. ஆணி குத்தவில்லை, வால்வும் புதிது. பஞ்சர் பார்ப்பவர் டயரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு "டயர் நல்லாத்தான் இருக்குண்ணே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே சக்கரத்தைக் கழற்றித் தரையில் படுக்கவைத்தேன். டயரும் ரிம்மும் சேரும் இடம் முழுக்கச் சோப்புத் தண்ணீரைத் தடவிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். முன்பக்கம் ஒன்றுமில்லை. புரட்டிப் போட்ட ஐந்தாவது நிமிடம், உட்பக்க விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்குக் கடுகு கடுகாகக் குமிழ் கிளம்பியது. டயரில் குற்றமில்லை. ரிம் அரித்துப்போயிருந்தது.

முன்பக்கத்துப் பெயிண்ட் ஏற்கெனவே பொருக்குப் பொருக்காக உரிந்துகொண்டிருந்தது. "ஒருநாள் எடுத்துச் செய்யணும்" என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அழகுக்காகத் தொடங்காத வேலையைக் கடைசியில் காற்று தொடங்கிவைத்தது.

வண்டி 1982 மெர்சிடிஸ், டபிள்யூ 123 வரிசை. 1975 முடிவிலிருந்து 1986 தொடக்கம் வரை ஏறக்குறைய 27 லட்சம் வண்டிகள் தயாரான மாடல் என்பதால் உதிரிபாகத்துக்கு அதிகம் அலைய வேண்டியதில்லை. சக்கரங்கள் ஜெர்மனியின் ஓட்டோ ஃபுக்ஸ் நிறுவனம் செய்தவை. போர்ஷே 911-க்கு 1966-இல் வந்த ஐந்து இதழ்ச் சக்கரமும் இவர்கள் கைவண்ணம்தான். சுற்றிலும் மடிப்பு மடிப்பாக இருக்கும் இந்த மெர்சிடிஸ் சக்கரத்தை ஜெர்மானியர்கள் 'பரோக்' என்பார்கள். அமெரிக்கர்களுக்கு அது கேக் அச்சு மாதிரித் தெரிந்ததால் 'பண்ட்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பார்க்க அழகு. உப்புத்தாள் போடும்போதுதான் அந்த மடிப்புகளை வடிவமைத்தவர்மேல் கோபம் வரும்.

இவை வார்ப்புச் சக்கரங்கள் அல்ல, அடித்து உருவாக்கியவை. வார்ப்பு அலாய் பலமான குழியில் இறங்கினால் விரிசல் விட வாய்ப்பு அதிகம். அடித்துச் செய்தது பெரும்பாலும் முதலில் வளையும். அதனால் பழையதை வாங்கிப் புதுப்பிப்பவர்களுக்கு இது கொஞ்சம் நிம்மதி. கொஞ்சம்தான். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஐந்தையும் கழற்றி, ஒன்று முதல் ஐந்து வரை உட்பக்கம் எண் எழுதினேன். ஐந்தாவது ஸ்டெப்னி. இரண்டு டயர்களில், பக்கவாட்டில் பொறித்திருக்கும் டி.ஓ.டி. என்ற தயாரிப்புக் குறியீட்டின் கடைசி நான்கு எண்களைப் பார்த்தபோது அவை பத்து வருடத்தைத் தாண்டியிருப்பது தெரிந்தது. முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருடம். அந்த டயர்களுக்கு விடைகொடுக்கக் காரணம் கிடைத்தது.

டயர் கழன்றதும்தான் உள்ளே இருந்த நிலவரம் தெரிந்தது. டயர் அமரும் விளிம்பு முழுக்க வெள்ளைப் பொடி. விரலால் தேய்த்தால் சுண்ணாம்பு மாதிரி ஒட்டுகிறது. அலுமினியம் துருப்பிடிக்காது என்று பொதுவாகச் சொல்வோம். இரும்பைப் போலச் சிவப்பாகத் துருப்பிடிக்காது, அவ்வளவுதான். டயர் மாற்றும்போது லீவர் பட்டுப் பெயிண்ட் பெயர்ந்த இடத்தில் ஈரம் புகும். அரிப்பில் உண்டாகும் பொடிக்கு மூல உலோகத்தைவிட அதிக இடம் வேண்டும். ஆகவே அது பக்கத்திலிருக்கும் பெயிண்டையும் நெம்பிக்கொண்டு புழு ஊர்ந்த தடம்போல நகர்கிறது. டயரின் ரப்பர் அந்த மேடுபள்ளத்தில் பொருந்தி உட்காராது. காற்று போகிற வழி அதுதான்.

இதைவிட மோசமான இடம், பேலன்சிங் வெயிட் மாட்டியிருந்த விளிம்பு. அந்த வெயிட்டைப் பிடித்திருப்பது இரும்புக் கிளிப். இரும்பும் அலுமினியமும் ஈரத்தோடு ஒட்டியிருந்தால் சின்ன மின்கலம் மாதிரி வேலை செய்யும். தேய்வது அலுமினியம். ஒவ்வொரு கிளிப்பின் அடியிலும் நகக்கண் அளவுக்குக் குழி. நடுத்துளையில், சக்கரத்தைத் தாங்கும் இரும்பு ஹப் உட்காரும் இடத்திலும் இதே கதை. சக்கரத்தைக் கழற்றுவதற்கு ரப்பர் சுத்தியலால் உள்ளிருந்து பத்து அடி கொடுக்க வேண்டியிருந்ததன் காரணம் அப்போது புரிந்தது.

உப்புத்தாளைக் கையில் எடுக்கும் முன் ஒரு சோதனை. பழைய சக்கரம் அலுமினியமா, மக்னீசியமா என்று பார்த்துக்கொள்வது நல்லது. என் சக்கரம் அலுமினியம் என்று தெரிந்திருந்தும் செய்தேன். 1960-களின் மினிலைட், காம்பனியோலோ, க்ரோமோடோரா சக்கரங்களில் மக்னீசியத்தில் செய்தவை பல உண்டு. பின்பக்கம் ஒரு மூலையில் பெயிண்டைச் சுரண்டி, பளிச்சென்ற உலோகத்தில் ஒரு சொட்டு வினிகர் விட்டால் போதும். மக்னீசியம் நுரைக்கும், அலுமினியம் சும்மா இருக்கும். மக்னீசியத் தூளில் தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும், தண்ணீர் ஊற்றினால் இன்னும் சீறும். 1955-இல் லீ மான் பந்தய விபத்தில் மெர்சிடிஸின் மக்னீசிய உடல் எரிந்தபோது தண்ணீர் அடித்ததால் நிலைமை மோசமானது. கிரைண்டர் போடுவதற்கு முன் அந்த ஒரு சொட்டு வினிகருக்குச் சோம்பல்படக் கூடாது. என்னுடையது சும்மாதான் இருந்தது.

அப்புறம் கழுவல். தார்ப் பிசுக்குக்கு மண்ணெண்ணெய், பிறகு பாத்திரச் சோப்பு. பிரேக் தூசியின் இரும்புத் துகள்கள் பெயிண்டில் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அதற்கென்று இருக்கும் திரவத்தைத் தெளித்தால் இரும்போடு சேர்ந்து ஊதா நிறத்தில் வழியும். முதல் தடவை பார்ப்பவர்கள் பயந்துவிடுவார்கள்.

பெயிண்ட் உரிக்கும்போது ஒரு முட்டாள்தனம் செய்தேன். அடுப்புச் சுத்தம் செய்யும் நுரை பெயிண்டை உரிக்கும் என்று எங்கோ கேட்ட ஞாபகம். நல்லவேளை, ஸ்டெப்னியின் பின்பக்கத்தில் உள்ளங்கை அளவுக்கு மட்டும் அடித்துப் பார்த்தேன். பெயிண்ட் உரிந்தது உண்மைதான். ஆனால் அடியில் உலோகம் தெரிந்த உடனே நுரை பொங்கி, கண்முன்னால் கறுத்தது. அந்த நுரையில் இருப்பது காஸ்டிக் சோடா. அது அலுமினியத்தையே கரைத்து ஹைட்ரஜனைக் கிளப்பும். குழாயடிக்கு ஓடினேன். கறுத்த இடத்தைப் பிறகு தேய்த்து எடுக்க அரை மணி நேரம் ஆனது. முழுச் சக்கரத்தையும் அதில் ஊறவைத்திருந்தால் இந்தப் பதிவுக்கு வேலையே இருந்திருக்காது.

பிறகு ஒழுங்காக, அலுமினியத்துக்கு ஆகும் என்று லேபிளில் போட்டிருந்த ஜெல் ரிமூவரைத் தடித்துப் பூசி, காய்ந்துவிடாமல் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி மூன்று மணி நேரம் விட்டேன். மேலே வெள்ளி நிறம், அதற்குக் கீழே தங்க நிறம், அதற்கும் கீழே மறுபடி வெள்ளி. எனக்கு முன்னால் வண்டியை வைத்திருந்த யாரோ ஒருவருக்குத் தங்கச் சக்கரத்தில் ஆசை இருந்திருக்கிறது. அடுத்தவருக்கு அது பொறுக்கவில்லை.

சாண்ட் பிளாஸ்டிங்குக்குக் கொடுத்தால் ஒரே நாளில் முடியும் என்று பலரும் சொன்னார்கள். நான் கொடுக்கவில்லை. கரடுமுரடான மணலை அதிக அழுத்தத்தில் அடித்தால் உலோகம் அம்மைத் தழும்பாகிவிடும், அதைச் சமன்படுத்த மறுபடி தேய்க்க வேண்டும். கண்ணாடி மணி போட்டு மெதுவாக அடிப்பவர் கிடைத்தால் யோசிக்கலாம். அப்போதும் போல்ட் உட்காரும் குழிகளை அடைத்துத்தான் கொடுக்க வேண்டும்.

உரித்து முடித்த சக்கரம் சாம்பல் நிறத்தில் மொட்டையாக இருந்தது. விரிசல் பார்ப்பதற்கு இதுதான் சரியான சமயம். பெயிண்ட் அடித்த பிறகு எதுவும் தெரியாது. இதற்கு மூன்று டப்பா கொண்ட ஒரு செட் கிடைக்கிறது: சுத்தம் செய்யும் திரவம், சிவப்புச் சாயம், வெள்ளை டெவலப்பர். சாயத்தை அடித்து இருபது நிமிடம் விட வேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே இறங்கிவிடும். மேலே உள்ளதைத் துணியால் துடைக்க வேண்டும். துடைக்கும் திரவத்தை நேராக உலோகத்தில் அடிக்கக் கூடாது, உள்ளே போன சாயமும் கழுவிக்கொண்டு வந்துவிடும். துணியில் நனைத்துத்தான் துடைக்க வேண்டும். பிறகு வெள்ளையை மெலிதாகத் தெளித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

நான்கு சக்கரங்கள் வெள்ளையாகவே இருந்தன. மூன்றாம் எண்ணில், உட்பக்க விளிம்பில், ஒன்றரை அங்குலத்துக்கு மயிரிழை போலச் சிவப்புக் கோடு மெதுவாக ஊறி வந்தது. பக்கத்தில் தடவிப் பார்த்தால் சுத்தியலால் தட்டி நிமிர்த்திய தடம். எப்போதோ குழியில் விழுந்து வளைந்ததை யாரோ குளிர்ந்த நிலையிலேயே அடித்து நேராக்கியிருக்கிறார்கள். வேலைக்கு உதவியாக வந்திருந்த பக்கத்து வீட்டுப் பையன் "அண்ணே, அது கீறல்தான், தேய்ச்சா போயிடும்" என்றான். எனக்கும் அப்படி நம்ப ஆசைதான். தேய்த்தேன், மறுபடி சாயம் போட்டேன். அதே இடத்தில் அதே கோடு.

வெல்டிங் வைக்கலாமே என்று தோன்றும். இந்த உலோகக் கலவையின் பலம் அதைச் சூடுகாட்டிப் பதப்படுத்தியதில் இருக்கிறது. வெல்டிங் சூட்டில் சுற்றியுள்ள பகுதி இளகிப்போகும். நான்கு பேர் உட்கார்ந்து போகும் வண்டியில் அந்தச் சோதனை எனக்கு வேண்டாம். ரம்பம் எடுத்து விளிம்பைக் குறுக்கே அறுத்துவிட்டுத்தான் பழைய உலோகத்துக்குப் போட்டேன். அறுக்காமல் போட்டால் யாராவது எடுத்துப் பாலிஷ் போட்டு மாட்டிவிடுவார்கள். ஸ்டெப்னி மூன்றாம் எண்ணாகப் பதவி உயர்வு பெற்றது.

மாற்றுச் சக்கரம் தேடும்போது ஒன்று தெரிந்துகொண்டேன். என் சக்கரத்தின் பின்னால் 6ஜே × 14 ஹெச்2, இ.டி. 30 என்று பொறித்திருக்கிறது. அகலம் 6 அங்குலம், விட்டம் 14. ஜே என்பது விளிம்பின் வடிவம். ஹெச்2 என்றால் டயர் உள்ளே நழுவாமல் தடுக்க இரு பக்கமும் ஓடும் சின்ன மேடு. இ.டி. 30 என்றால் ஹப்பில் பொருந்தும் முகம் சக்கரத்தின் நடுக்கோட்டிலிருந்து 30 மி.மீ. வெளியே இருக்கிறது. எனக்குக் காட்டப்பட்டவை இதற்குப் பின்னால் வந்த மெர்சிடிஸ்களுடையவை. அதே ஐந்து துளை, துளைகள் அமைந்த வட்டமும் அதே 112 மி.மீ., கச்சிதமாக மாட்டும். ஆனால் இ.டி. 50-ஐ ஒட்டி வரும். அதாவது சக்கரம் 20 மி.மீ. உள்ளே போய் உட்காரும். மாட்ட முடிகிறது என்பதற்காகப் பொருந்துகிறது என்று ஆகாது. வாங்கவில்லை. தற்காலிகமாக ஒரு பழைய இரும்புச் சக்கரத்தை ஸ்டெப்னியாக வைத்தேன்.

தேய்க்கும் வேலையைப் பற்றி விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை. தோள்தான் சொல்லும். உப்புத்தாளில் 120-ஆம் எண்ணில் தொடங்கி 240, 320, 400 என்று மென்மையான தாளுக்குப் போனேன். மடிப்புகளுக்குள் விரல் போகாததால் வாட்டர் பேப்பரைப் பென்சிலில் சுற்றித் தேய்த்தேன். ஒரு சக்கரத்துக்கு இரண்டு மாலைப்பொழுது.

டயர் அமரும் விளிம்பில் மட்டும் அவசரம் கூடாது. 14 அங்குலத்தைக் கணக்குப் போட்டால் 355.6 மி.மீ. வரும், ஆனால் அந்த இடத்தின் நிர்ணய விட்டம் 354.8. தசமப் புள்ளிவரை தரம் வகுத்திருக்கிறார்கள், அதுவும் 5 டிகிரி சாய்வோடு. அங்கே கிரைண்டரில் ஃபிளாப் டிஸ்க்கை மாட்டி ஒரு சுற்று விட்டால் அரிப்பு போகும், அளவும் போகும். வெள்ளைப் பொடியைப் பித்தளைப் பிரஷ்ஷால் எடுத்து, 80-ஆம் எண் தாளைக் கையால் போட்டு, குழியின் ஓரங்கள் மழுங்கும்வரை மட்டும் தேய்த்தேன். ஆழமான ஊசிக்குழிகள் சில மிச்சமிருந்தன. விட்டுவிட்டேன். பிரைமர் அவற்றை மூடும்.

நடைபாதைக் கல்லில் உரசிய காயங்கள் முன்விளிம்பில் ஏழெட்டு. ஆழமில்லாததை அரத்தால் தேய்த்துச் சரிவாக்கினேன். இரண்டு இடங்களில் மட்டும் அலுமினியத் தூள் கலந்த எபாக்ஸி. பட்டி என்பது முகத்துக்குப் பூசுகிற பவுடர் மாதிரிதான், அதற்குப் பலம் கிடையாது. போல்ட் குழி, ஹப் முகம், டயர் அமரும் இடம் மூன்றிலும் பட்டி வைக்கக் கூடாது. இன்னொன்று, பட்டியை மொட்டை உலோகத்தில் வைக்க வேண்டும். அமிலமுள்ள எட்ச் பிரைமர் மேல் வைத்தால் ஒழுங்காக இறுகாது.

பவுடர் கோட்டிங்கா, பெயிண்டா என்று ஒரு வாரம் குழம்பினேன். பவுடர் உறுதியானது, கல் பட்டால் எளிதில் பெயராது. ஆனால் அதை 180 முதல் 200 டிகிரி செல்சியஸில் வேகவைக்க வேண்டும். பதப்படுத்திய அலுமினியத்துக்கு அது எல்லைக்கு அருகில். வெப்பமானி சரியாக இருக்கும் அடுப்பில், சொன்ன நிமிடத்துக்கு மட்டும் என்றால் பரவாயில்லை. ஒருமுறை சரியாக வரவில்லை என்று இரண்டு மூன்று தடவை வேகவைத்தால்? நாற்பது வயதுச் சக்கரத்துக்கு அந்தத் தண்டனை வேண்டாம் என்று பெயிண்டுக்கே போனேன். கல் பட்டுப் பெயர்ந்தால் நானே தொட்டுச் சரிசெய்யலாம் என்பது கூடுதல் ஆறுதல்.

பெயிண்ட் படக்கூடாத இடங்களை மறைப்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. இந்தச் சக்கரத்தில் போல்ட்டின் தலை கூம்பாக அல்ல, உருண்டையாக, 12 மி.மீ. ஆரத்தில் உட்காரும். அந்தக் குழிக்கு ஏற்ற மூடி என்ன? பெரிய கோலிக்குண்டு! ஒவ்வொரு குழியிலும் ஒன்றை வைத்தேன், கிட்டத்தட்டச் செய்து வைத்ததுபோல உட்கார்ந்தது. 'கிட்டத்தட்ட' என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஹப் முகத்துக்கு வட்டமாக வெட்டிய அட்டை.

உட்காரும் பகுதி உடைந்த ஒரு சுழல்நாற்காலியின் அடிப்பாகத்தில் பலகையைப் பொருத்தி, அதன்மேல் சக்கரத்தை வைத்தேன். நான் சுற்றி வராமல் சக்கரம் சுற்றும். கடைசித் தேய்ப்பு முடிந்த அதே மணி நேரத்துக்குள் எட்ச் பிரைமர் அடித்தேன். மொட்டை அலுமினியம் காற்றில் உடனே ஆக்சைடு போர்த்திக்கொள்ளும், விரல் எண்ணெயும் ஒட்டும். பிறகு சாதாரண பிரைமர் இரண்டு கோட், 600 தாள், வெள்ளி நிறம் மெல்லிசாக மூன்று கோட்.

முதல் சக்கரத்தில் வெள்ளி விழுந்த உடனே அங்கங்கே வட்ட வட்டமாகப் பெயிண்ட் விலகி ஓடியது. பெயிண்டர்கள் இதை மீன்கண் என்பார்கள். பிசுக்கு இருந்தால்தான் வரும், நானோ மூன்று முறை துடைத்திருந்தேன். யோசித்துப் பார்த்தால், முந்தின நாள் அதே ஷெட்டில் கதவு ரப்பர்களுக்குச் சிலிக்கான் ஸ்ப்ரே அடித்திருக்கிறேன். அது காற்றில் பரவிச் சக்கரத்தில் படிந்துவிட்டது. முழுவதையும் துடைத்தெடுத்து, ஷெட்டைக் கழுவி, இரண்டு நாள் கழித்து மறுபடி அடித்தேன். சிலிக்கான் டப்பா இப்போது வீட்டுக்கு வெளியே குடியிருக்கிறது.

வெள்ளிக்கு மேலே பூசும் நிறமில்லாத கிளியர் கோட்டை நான் அடிக்கவில்லை. பிரேக் சூட்டையும் தூசியையும் தாங்க ஹார்ட்னர் கலக்கும் வகைதான் வேண்டும். அதிலிருக்கும் ஐசோசயனேட் நுரையீரலுக்குப் பகை, ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் ஆயுசுக்கும் ஆஸ்துமா. கரி வடிகட்டி முகமூடி தீர்ந்துபோனால் அதை மூக்கு எச்சரிக்காது, ஏனென்றால் ஆபத்தான அளவிலும் அதற்குப் பெரிதாக வாடையில்லை. வெளிக்காற்றுக் குழாய் வைத்த முகமூடியும் அறையும் உள்ள பெயிண்டரிடம் நான்கையும் கொடுத்து வாங்கினேன். டயர் அமரும் இடத்தில் கிளியர் தடிமனாக ஏற வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டேன்.

பத்து நாள் காயவிட்டேன். பெயிண்ட் தொட்டால் ஒட்டாது என்பது வேறு, டயர் இயந்திரத்தின் பிடியைத் தாங்கும் என்பது வேறு. டயர் மாட்டும் கடையில் சக்கரத்தை உட்பக்கத்திலிருந்து பிடிக்கச் சொல்லி, பக்கத்திலேயே நின்றேன். அப்படியும் நான்காம் எண்ணில் லீவர் வழுக்கி நகம் அளவுக்கு ஒரு கீறல். "சின்னதுதானே சார்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து தூரிகையால் தொட்டேன். எனக்கு மட்டும் தெரியும், ஆனால் எனக்கு நன்றாகவே தெரியும். வெயிட் எல்லாம் உட்பக்கம் ஒட்டுகிற வகை, கிளிப் வேண்டவே வேண்டாம் என்றேன். வால்வும் நான்கும் புதிது.

ஹப்பில் துருவைக் கம்பிப் பிரஷ்ஷால் எடுத்து, நடு மேட்டில் மட்டும் மெல்லிசாகக் கிரீஸ் தடவினேன். போல்ட் மரையிலும் உருண்டைத் தலையிலும் கிரீஸ் படக்கூடாது, முறுக்கு அளவு பொய்யாகிவிடும். கையால் போல்ட்டுகளைத் திருகி உட்காரவைத்து, நட்சத்திர வரிசையில், குறித்த முறுக்கு வந்ததும் கிளிக் என்று சொல்லும் டார்க் ரெஞ்சில் 110 நியூட்டன் மீட்டர்.

நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி ரெஞ்சைப் போட்டேன். மூன்று சக்கரங்களில் எதுவும் அசையவில்லை. வலது முன்சக்கரத்தில் ஒரு போல்ட் கிளிக் ஆவதற்கு முன் கால் சுற்றுக்கு மேல் திரும்பியது. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால், அந்த ஒரு குழியில் மட்டும் பிறைநிலா வடிவத்தில் வெள்ளிப் பெயிண்ட். கோலிக்குண்டு சரியாக உட்காராமல் ஒரு பக்கம் தூக்கியிருந்திருக்கிறது. அழுத்தத்தில் அந்தப் பெயிண்ட் நசுங்கி வழிய, போல்ட்டின் பிடி தளர்ந்துவிட்டது. தின்னர் துணியால் சுத்தமாகத் துடைத்து எடுத்தேன். உடனே மற்ற மூன்றையும் கழற்றி, மிச்சமிருந்த பதினைந்து குழிகளையும் டார்ச் அடித்துப் பார்த்தேன். சுத்தம். மறுபடி மாட்டி, அடுத்த நூறு கிலோமீட்டருக்குப் பிறகு ரெஞ்ச் போட்டபோது இருபதும் அசையவில்லை.

இடது பின் டயரில் 32 அடித்து ஆறு வாரம் ஆகிறது. நேற்று அளந்தேன், 31.

ஸ்டெப்னி இன்னும் அந்த இரும்புச் சக்கரம்தான். அதோடு ஒரு துணிப்பையில் ஐந்து குட்டை போல்ட்டுகளும் டிக்கியில் கிடக்கின்றன. அலாய்க்கு உரிய நீளப் போல்ட்டை இரும்புச் சக்கரத்தில் போட்டால், முனை உள்ளே நீட்டிக்கொண்டு பின்சக்கரத்தில் ஹேண்ட் பிரேக் ஷூவில் போய் இடிக்கும். என்னைத் தவிர வேறு யாராவது பஞ்சர் மாற்ற நேர்ந்தால் தெரிய வேண்டுமே என்று பையில் ஒரு சீட்டுக் கட்டியிருக்கிறேன்: "இரும்புச் சக்கரத்துக்கு இதை மட்டும் போடவும்." இ.டி. 30 போட்ட ஒரு சக்கரம் கிடைக்கும்வரை அது அங்கேயே இருக்கட்டும்.